எண்ணப்பட்ட மாந்தர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், நெம்மேலியில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. படிப்போரும் கேட்போரும் இருந்தால்தான் அது நடைபெறும். அவ்விருவரும் இவ்வூரில் உள்ளனர் என்பதற்கு இவ்விழாவே சான்று. கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கடலையொட்டி அமைந்த நெம்மேலியை, இன்று பலர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் அறிவர். ஆனால் இக்கடற்கரைக்கு அதனினும் மிகப் பழைய ஒரு பெருமை உண்டு. அதிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குவது பொருந்தும்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இலங்கையில் அரசுரிமை இழந்த மானவர்மன் என்னும் இளவரசன் கடல் கடந்து பல்லவ நாடு வந்து, முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். மாமல்லனுக்காகப் போர்க்களத்தில் துணை நின்றான். பல்லவன் அவனுக்குப் படை கொடுத்தனுப்பினான். முதல் முயற்சி தோற்றது. மானவர்மன் மீண்டும் இங்கு வந்து நெடுங்காலம் காத்திருந்து, பின்னர்ப் பல்லவர் துணையுடனேயே சென்று முடி சூடினான். சிங்கள வரலாற்று நூலான சூளவம்சம் இச்செய்தியைக் கூறுகின்றது. அப்படை மாமல்லபுரத் துறையிலிருந்தே கப்பலேறியது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அவ்வாறாயின், நாட்டை இழந்து வந்தவனுக்கு அடைக்கலம் தந்து, அவன் விரும்பிய காலத்தில் அவன் விரும்பிய இடத்திற்கு அனுப்பி வைத்த கரை இது.

மானவர்மன் ஓர் அரசன், ஒருவன். பெயரற்ற ஏழைகள் பல்லாயிரவராய்ப் பெயர நேர்ந்தால் அரசுகள் என்ன செய்கின்றன? எண்ணுகின்றன, எண்ணியபின் பங்கிடுகின்றன. அவ்வாறு எண்ணிப் பங்கிடப்பட்ட தமிழ் மக்களின் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

செனீவாவில் ஒரு கணக்கு

உலகம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் நோக்குவோம். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகர் வீழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் வியட்நாமியர் சிறு படகுகளில் கடலில் இறங்கினர். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஆங்காங் ஆகிய இடங்களின் கரைகளில் முகாம்கள் நிரம்பின. அண்டை நாடுகள் சில, வந்த படகுகளை மீண்டும் கடலுக்குள் தள்ளின. 1979 சூலையில் ஐக்கிய நாடுகள் அவையின் அழைப்பை ஏற்று 65 அரசுகள் செனீவாவில் கூடின. அங்கே ஒரு பேரம் நிகழ்ந்தது. அண்டை நாடுகள் தற்காலிக அடைக்கலம் தரும். தொலைநாடுகள் அவர்களை நிலையாகக் குடியமர்த்தும். வியட்நாம் முறையான புறப்பாட்டிற்கு வழி செய்யும். குடியமர்த்த முன்னர் உறுதியளிக்கப்பட்டிருந்த இடங்கள் 1,25,000. கூட்டம் முடிந்தபோது அது 2,60,000 ஆயிற்று. கனடா 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் 60,000 பேரை ஏற்றது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள் அந்நாட்டின் தேவாலயங்களும், அண்டை அயலார் சேர்ந்து அமைத்த சிறு குழுக்களுமே.

இதிலும் குறைகள் உண்டு. 1989இல் செனீவாவில் மீண்டும் கூடியபோது, புதிதாக வருவோரைச் சலித்து அகதி என்றும் அகதியல்லர் என்றும் பிரிக்க முடிவாயிற்று. ஆங்காங்கிலிருந்து விருப்பத்திற்கு மாறாகத் திருப்பியனுப்பப்பட்டோரும் உண்டு. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. படகில் ஏறிய வியட்நாமியர், அச்சத்தாலோ வறுமையாலோ, புறப்படுவதென்ற முடிவைத் தாமே எடுத்தனர். அதன் பின்னரே அரசுகள் கணக்கெடுத்தன.

தமிழரின் கணக்கோ வேறு. அங்கே மக்கள் எங்கும் புறப்படவில்லை. அவர்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அப்போதே அவர்களைப் பங்கிடும் கணக்குப் போடப்பட்டது.

வாக்கும் குடியுரிமையும் போன வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, திருச்சி, மதுரை, திருநெல்வேலி, சேலம் போன்ற பகுதிகளின் உழவுத் தொழிலாளர் கங்காணிகள் வழி இலங்கை மலைநாட்டுக்குச் சென்றனர். முதலில் காப்பி. இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தபின் தேயிலை. காடு வெட்டியவரும், பாதை அமைத்தவரும், தோட்டத்தை உருவாக்கியவரும் அவர்களே. இலங்கையின் அன்னியச் செலாவணியில் பெரும்பங்கை அவர்களது விரல்கள் ஈட்டித் தந்தன.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவே அரிது. பாட்டனின் பதிவுக்கு அவன் எங்கே போவான்? 1949இல் மற்றொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. ஏறத்தாழ 8,25,000 பேர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஏனையோர் வாக்கும் இழந்து நாடும் இழந்தனர். இலங்கை அவர்களை இந்தியர் என்றது. இந்தியாவோ, அவர்கள் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றது. 'நாடற்றவர்' என்னும் சொல் இவர்களுக்குப் பெயராயிற்று.

ஏழுக்கு நான்கு

1964 அக்டோபர் 30ஆம் நாள் புது தில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் மொத்தம் 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம். நிறைவேற்றும் காலம் 15 ஆண்டுகள். பின்னர் 1974இல், எஞ்சிய ஒன்றரை இலட்சத்தையும் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டனர்.

கணக்கு எவ்வளவு துப்புரவானது! ஆனால் எந்தக் குடும்பம் எந்தப் பங்கில் சேரும் என்பது அக்கணக்கில் இல்லை. எண்ணப்பட்டோரின் கருத்தும் கேட்கப்படவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டைமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு கணக்கை மாற்றவில்லை.

இதனினும் கொடிய கூறு ஒன்று நடைமுறையில் இருந்தது. 5,25,000க்கு 3,00,000 என்பது ஏழுக்கு நான்கு என்னும் விகிதம். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று அது செயல்பட்டது. ஏழு பேர் இந்தியக் குடியுரிமை பெற்றாலே போதும் என 1967ஆம் ஆண்டுச் சட்டம் சற்றுத் தளர்த்தியது. 1971ஆம் ஆண்டுத் திருத்தமோ, அவர்கள் நாட்டைவிட்டுப் போயிருத்தல் வேண்டும் என மீண்டும் இறுக்கியது. இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இருபுறம் வாழும் இரு குடும்பங்களுள், ஒன்று மூட்டை கட்டினாலன்றி மற்றதற்கு உரிமை இல்லை. அண்டை வீட்டார் அழுதுகொண்டு போவதே தம் குடியுரிமைக்கு வழி என்று ஆகுமானால், அம்மக்களின் உறவு என்னாகும்? சட்டம் எழுதியவர்கள் விகிதத்தைக் கண்டனர், சுவரைக் காணவில்லை.

மக்கள் தம் விருப்பத்தை வேறு வகையில் தெரிவித்தனர். விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டோர் தொகை அதற்கென ஒதுக்கிய எண்ணை விஞ்சியது. இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கிய எண்ணை எட்டவே இல்லை. இரு ஒப்பந்தங்களின்படியும் இந்தியா ஏற்க வேண்டியவர் 6,00,000 பேர். விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 5,06,000 பேர். தில்லியின் கணக்குக்கும் மலைநாட்டின் மனத்துக்கும் இடையிலிருந்த தொலைவு அது.

புயலும் ஒப்பாரிக் கோச்சியும்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரையும் தமிழகத்தையும் இணைத்த துறைமுகமும், போட் மெயில் வண்டி சென்ற இருப்புப் பாதையும் கடலுள் மறைந்தன. முன்னோர் எந்தத் துறையிலிருந்து கப்பலேறினரோ, அந்தத் துறை பேரர் திரும்பும்போது இல்லை. பிற்காலக் கப்பல்கள் இராமேசுவரத்திலேயே கரை சேர்ந்தன.

மலைநாட்டுத் தொடர்வண்டி நிலையங்களில், திரும்புவோரை வழியனுப்ப வந்தோரும் செல்வோரும் எழுப்பிய அழுகையால், தலைமன்னாருக்குச் செல்லும் அவ்வண்டிக்கு மக்களே ஒரு பெயர் இட்டனர்: 'ஒப்பாரிக் கோச்சி'. கோச்சி என்பது அங்கே இரயில் வண்டி. ஒப்பாரி என்பதோ இறந்தாருக்குப் பாடுவது. உயிரோடு பிரிவாரை இறந்தாராய்க் கருதிப் புலம்பிய மக்களின் துயரை, எந்த அரசறிக்கையும் இவ்விரு சொற்களைவிடத் தெளிவாகக் கூறவில்லை. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு இதனையே பெயராகச் சூட்டினார்.

இறங்கியோர் மண்டபம் முகாமுக்கு வந்தனர். அம்முகாமின் வரலாறே இம்மக்களின் வரலாறாகும். வெள்ளையர் காலத்தில் இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நோயாய்வுக்காகத் தடுத்து வைத்த இடம் அது. 1964க்குப் பின் திரும்பியோர் தங்கிச் சென்ற இடமும் அதுவே. 1983க்குப் பின் அகதிகள் வாழ்ந்த இடமும் அதுவே. போகும்போதும், வரும்போதும், அஞ்சி ஓடிவந்தபோதும் ஒரே வாயில்.

குடியமர்த்தலின் நிறையும் குறையும்

திரும்புவோர்க்கு இந்தியத் தூதரகம் குடும்ப அட்டை ஒன்று வழங்கியது. எந்த மறுவாழ்வுத் திட்டம், எந்த ஊர் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. நீலகிரியில் 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்று, 1976இல் அது 'டான்டீ' என்னும் அரசு நிறுவனமாயிற்று. கேரளத்தின் புனலூரிலும், கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் இரப்பர்த் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. நிக்கோபாரின் கட்சல் தீவு வரையில் சில குடும்பங்கள் சென்றன. நூற்பாலைகளில் வேலையும், சிறு வணிகத்திற்குக் கடனும் வழங்கப்பெற்றன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோர்க்கென 1969இல் 'ரெப்கோ' வங்கி நிறுவப்பட்டது.

ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் இவ்வாறு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அறிந்த தொழில் ஒன்றே: தேயிலை. தோட்டங்களில் இடம் கிடைத்தோர் சிறுபான்மையினர். ஏனையோருக்கு வணிகக் கடன் கொடுத்துச் சமவெளி ஊர்களுக்கு அனுப்பினர். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண் கடை வைத்துப் பிழைப்பது எவ்வாறு? கடன் பணம் சில திங்களில் கரைந்தது. தரகர் கைக்குச் சென்றதும் உண்டு. சமவெளி வெப்பம் தாங்காமல், வேலையும் கிட்டாமல், பலர் தாமாகவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் இன்றுள்ள பல குடியிருப்புகள் எந்தக் குடும்ப அட்டையிலும் குறிக்கப்படாதவை. மக்கள் தாமே தேடிக்கொண்டவை. கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டச் சென்றோர் கொத்தடிமைகளாய்ச் சிக்கியிருந்த செய்தி 1980களில் வெளிவந்து நாட்டைத் தலைகுனிய வைத்தது.

குடியமர்த்தல் என்பது இடம் காட்டுவது மட்டுமன்று. கைவந்த தொழிலையும் பழகிய உறவையும் சேர்த்து நடுவதாகும். நாற்றைப் பிடுங்கி நடுபவன்கூட வேரோடு ஒட்டிய மண்ணை உதறிவிடுவதில்லை.

பெயர்கள்

இலக்கிய வட்டத்தில் பேசும்போது சொற்களை விட்டுவிட இயலாது. அரசு இவர்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புதல் என்றால் முன்பு இருந்த இடத்திற்கு மீள்வது. இவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. பிறந்ததும், மணந்ததும், பெற்றோரைப் புதைத்ததும் அத்தீவில். காணாத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்? தீவில் இருந்தவரை அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று இகழ்ந்தனர். இங்கு வந்தபின் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இரு நாட்டிலும் பிற நாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்ட மக்கள் வேறு உண்டோ என்பது ஐயமே.

அடைக்கலம் அற்றோரைக் குறிக்கும் 'அகதி' என்பது வடசொல். கதியற்றவர் என்பது அதன் பொருள். அதற்கு ஈடாக இன்று வழங்கும் 'ஏதிலி' பழந்தமிழில் அயலார் என்னும் பொருளில் நின்றது. ஒருவர் கதியற்றுப் போவதும் அயலாராவதும் ஒன்றன்று. முன்னது அவர் நிலை. பின்னது நம் பார்வை. தமிழ் பேசி, தமிழ்த் தெய்வத்தை வணங்கி, தமிழகத்து ஊர்ப்பெயரைத் தம் பாட்டன் பெயரோடு சேர்த்துச் சொல்வோரை அயலாராகக் காண்பது எப்பார்வை என்பதை அவரவர் நெஞ்சே கூறட்டும்.

இம்மக்களின் பயணத்தைத் தமிழிலக்கியம் முற்றிலும் மறந்துவிடவில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமையின் ஒரு பெண்ணைத் தேயிலைத் தோட்டம் வரை பின்தொடர்ந்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' அத்தோட்ட வாழ்வின் தலைமுறைகளைப் பேசியது. சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் முதலியோர் அம்மண்ணிலிருந்தே எழுதினர். போனவர் கதை ஓரளவு எழுதப்பட்டுள்ளது. வந்தவர் கதையோ இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. அவர்கள் வந்தது தமிழகத்திற்கு. எழுத வேண்டிய கடமையும் தமிழகத்திற்கே உரியது.

கணக்கில் எஞ்சியோர்

ஒப்பந்தக் காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. 1984இல் கப்பலும் நின்றது. இந்தியா ஏற்க வேண்டியிருந்த 6,00,000இல் விண்ணப்பிக்காத 94,000 பேருக்கு இலங்கை 1986இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை தர முன்வந்தது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தீவில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழி திறந்தன. தாமதமாயினும் இது பாராட்டத்தக்கது. தீவில் தங்கியோரின் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

தீராதது இக்கரையில் உள்ளது. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்முறைகளில் மலையகத் தமிழரும் தாக்குண்டனர். வடக்கே ஓடி வன்னியில் குடியேறிய பலர், போர் அங்கும் வரவே, தோணிகளில் தமிழகம் வந்தனர். அவர்களுள் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோர் உண்டு. கப்பல் நின்றதால் வர இயலாது போனோரும் உண்டு. கடவுச்சீட்டுடன் பகலில் கப்பலில் வந்திருந்தால் அவர் தாயகம் திரும்பியவர். வங்கிக் கடனும் வேலையும் வாக்கும் பெறுவார். அவரே இரவில் தோணியில் வந்ததால் அகதி. சட்டத்தின் மொழியில், உரிய சீட்டின்றி நுழைந்தவர். ஆள் ஒருவரே, இறங்கிய கலம் மட்டுமே வேறு.

தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மிகுதியானோர் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் மலையக வழியினர் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றி, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. பெயர் மாற்றமும் வீடும் நற்செயல்களே. ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. அதே 2019ஆம் ஆண்டு சூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வழியினர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனுதாரர் புதிதாக விண்ணப்பிக்கவும் நடுவண் அரசு அவற்றை ஆய்ந்து முடிவு செய்யவும் ஆணையிட்டது. 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்னும் விதியைக் காட்டி, முகாமில் பிறந்த ஒரு பெண்மணி நீதிமன்றம் சென்று உரிமை பெற்று, 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒரே ஒரு வாக்கு. ஆனால் 1948க்குப் பின் நாடற்றோர் இழந்தது எதுவோ, அது அந்த ஒரு விரல் மையில் தெரிந்தது.

எனவே இம்மக்கள் கேட்பது சலுகையன்று. இந்தியா 1964இலும் 1974இலும் தானே கையெழுத்திட்டு ஏற்ற 6,00,000 என்னும் எண் இன்னும் நிரம்பவில்லை. மலையக வழியினருக்குக் குடியுரிமை தருவது புதிய கதவைத் திறப்பதாகாது. பாதி திறந்து விட்ட பழைய கதவை முழுதும் திறப்பதேயாகும். அவ்வாறு செய்யும்போது 1964இன் பிழை மீண்டும் நேர்தல் கூடாது. இங்கே தங்க விரும்புவோர் யார், தீவுக்குத் திரும்ப விரும்புவோர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அரசுகள் எண்ணட்டும், எண்ணாமல் ஆட்சி நடவாது. ஆனால் எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டும்.

கனடாவின் சிற்றூர்களில் வியட்நாமியக் குடும்பத்தை ஏற்ற சிறு குழுக்கள், இது போன்ற வட்டங்களே. அவர்கள் ஒதுக்கீட்டைப் பேரம் பேசவில்லை. ஒரு குடும்பத்தை அழைத்தனர், பெயரைக் கேட்டனர். இவ்விலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. முகாம்களில் வாழும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். ஒப்பாரிக் கோச்சியில் வந்தோர் நீலகிரியில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய கதைகளையும் பாடல்களையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிப் பதிவு செய்வது அப்பணியாகும். மானவர்மன் கதையை எழுதி வைக்க அரண்மனைக்கு ஆள் இருந்தது. இவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.